மறதியும் மெய்ப்பாடும்: ஓர் அறிவியற் புனைதொடரைச் சுவைத்தோர் வரலாறு

இலக்கிய வரலாறு எழுதப் புகுவோர் நூலையும் நூலாசிரியரையும் ஆராயும் அளவிற்கு அந்நூலைச் சுவைத்தோரை ஆராய்வதில்லை. அவ்வாராய்ச்சிக்குரிய கருவி நம்மவரிடம் இல்லாமலும் இல்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என ஓரியலே வகுத்தார். சிறப்புப்பாயிரங்களும் உரைகளும் சுவைத்தோர் விட்டுச்சென்ற சுவடுகளே. ஆயினும் அக்கருவியைப் பழைய நூல்களுக்கு அப்பால் எடுத்துச்செல்ல நாம் தயங்குகின்றோம். இக்கட்டுரை அதனை மிகப் பிற்பட்டதும் தொலைவிலுள்ளதுமாகிய ஒரு பொருளின்மேல் வைத்துப் பார்க்கின்றது. இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனம் 1963-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்னும் அறிவியற் புனைதொடரே அப்பொருள். அதன்கண் நினைவிழப்பைப் பற்றி 2008-இல் வந்த ஒரு பகுதி அன்பர்களிடையே பெருங்கலக்கத்தை எழுப்பிற்று. அக்கலக்கம் எத்தகையது என்பதும், அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அதற்குத் தொடர் யாங்ஙனம் விடைகூறிற்று என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

தொடரை அறியாதார்க்குச் சில சொற்கள் வேண்டும். தலைவன் 'டாக்டர்' என்றே அழைக்கப்படுவான். அவன் மண்ணுலகத்தான் அல்லன். காலத்தலைவர் எனப்படும் வேற்றுலக இனத்தவன். காவலர் அறை போன்றதொரு நீலப் பெட்டியில் ஏறி முக்காலமும் எவ்வுலகமும் செல்வான். இறக்கும் தறுவாயில் உடல் மாறி வேறுருவில் உயிர்ப்பான். நடிகர் மாறினும் தொடர் அறாதிருத்தற்கு இஃது ஓர் ஏற்பாடு. அவனுடன் செல்லும் தோழர் பெரும்பாலும் நம்மனோரே. பார்ப்போர் தம்மை இத்தோழர் இடத்தில் வைத்தே கதையைத் துய்க்கின்றனர் என்பதை மறத்தலாகாது. பின்னர் வரும் சினத்திற்கு வேர் அதுவே.

தோழரின் நினைவை அழிக்கும் செயல் 1969-லேயே இத்தொடரில் இடம்பெற்றது. டெரன்ஸ் டிக்சும் மால்கம் ஹல்கும் எழுதிய 'தி வார் கேம்ஸ்' என்னும் பத்துப் பகுதிக் கதை அவ்வாண்டு ஜூன் 21-ஆம் நாள் முடிவுற்றது. அதன் இறுதியில் காலத்தலைவர் டாக்டரைச் சிறைப்பிடித்து முறைமன்றத்தில் நிறுத்துகின்றனர். அவனுடைய தோழர் இருவரையும் அவரவர் காலத்திற்கே திருப்பி அனுப்புகின்றனர். ஒருவன் ஜேமி, 1746-ஆம் ஆண்டுக் கலோடன் போருக்குப் பின் டாக்டருடன் சேர்ந்த ஸ்காட்லாந்து இளைஞன். மற்றொருத்தி சோயி, வருங்கால விண்வெளி நிலையமொன்றிலிருந்து வந்த கணித வல்லுநள். இருவர்க்கும் டாக்டரோடு தாம் கூடிய முதல் நிகழ்ச்சி ஒன்றே நினைவில் எஞ்சும். ஏனைய யாவும் அழிக்கப்படும்.

இம்முடிவு பார்த்தோரை வருத்திற்று. ஆயினும் எவர்மீதும் குற்றம் சாட்டுமாறு தூண்டவில்லை. செய்தவர் மன்றத்து நடுவர். டாக்டரும் அவரால் துன்புற்றவனே. அன்பர்கள் கூடிப் பேசும் அமைப்புகளும் அக்காலத்து வலுப்பெறவில்லை; டாக்டர் ஹூ சுவைஞர் கழகம் தோன்றியது 1976-இல்தான். பின்னர் எழுந்த எதிர்வினை கண்ணீரன்று, உரை. 1983-இல் இருபதாம் ஆண்டு நிறைவிற்கென டெரன்ஸ் டிக்சு எழுதிய 'தி ஃபைவ் டாக்டர்ஸ்' என்னும் கதையில் இரண்டாம் டாக்டர் ஜேமி, சோயி ஆகியோரின் உருவங்களைக் காண்கின்றான். இவர்களுக்கு என் நினைவு இருத்தல் கூடாதே என ஐயுற்று, அவை மாயத்தோற்றம் எனத் தெளிகின்றான். ஆனால் நினைவு அழிக்கப்பட்டவுடனே அவ்வுடல் அவனிடமிருந்து பறிக்கப்பட்டது. அங்ஙனமாயின் அச்செய்தியை அறிந்த நிலையில் அதே உடலோடு அவன் வந்தது எப்போது? அன்பர்கள் இம்முரணை வழு எனத் தள்ளவில்லை. நம் உரையாசிரியர் போல வழுவமைதி கண்டனர். ஆறாம் பருவத்திற்கும் ஏழாம் பருவத்திற்கும் இடையே, காட்டப்படாத ஒரு காலப்பகுதியில் அவன் காலத்தலைவரின் ஏவலனாய் இருந்தான் என்பது அவர்கள் கண்ட அமைதி. முரணைத் தோற்றுவித்த டிக்சே 2005-இல் வெளியிட்ட தம் 'வேர்ல்டு கேம்' என்னும் புதினத்தில் அவ்வுரையை ஏற்றுக்கதையாக்கினார். உரைகாரர் கண்ட பொருளை நூலாசிரியரே மூலத்துள் சேர்த்துக்கொண்ட இச்செய்தி, உரை வரலாறு ஆராய்வார்க்கு விருந்தாகும்.

இவ்விடத்து மற்றொரு மறதியையும் சொல்லவேண்டும். அறுபதுகளில் ஒளிபரப்பிய பல நிகழ்ச்சிகளின் பதிவுகளை பி.பி.சி. நிறுவனமே அழித்தது. நாடாக்கள் விலைமிக்கன; மறுபடியும் பயன்படுத்தத்தக்கன; ஒரு முறை காட்டியதை மீண்டும் எவர் காண விரும்புவர் என்பது அந்நாளைய கருத்து. இத்தொடரின் முதல் ஆறாண்டுகளில் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட பகுதிகள் இவ்வாறு படமாகக் கிடைக்காமற் போயின. ஆயினும் அவற்றின் ஒலி முழுமையும் நமக்குக் கிடைத்துள்ளது. வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியருகே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்துகொண்ட இளம் அன்பர் சிலரே அதற்குக் காரணர். வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்கப்பட்ட படிகளைத் தேடியலைந்தோரும் உளர். நைஜீரியாவிற் கிடைத்த ஒன்பது பகுதிகள் 2013-இல் வெளிவந்தன. ஏடு தேடி ஊர்தோறும் நடந்த உ. வே. சாமிநாதையரை நமக்கு இது நினைவூட்டும். விந்தை யாதெனின், ஜேமிக்கு நினைவில் எஞ்சுமாறு விடப்பட்ட அம்முதல் நிகழ்ச்சி 'தி ஹைலேண்டர்ஸ்' என்னும் நான்கு பகுதிக் கதை. அக்கதையில் ஒரு பகுதியேனும் முழுமையாகப் படவடிவில் இன்று இல்லை. கதைமாந்தன் நினைவில் வைத்ததை நிறுவனம் மறந்தது. அவன் மறந்த 'தி வார் கேம்ஸ்' பத்துப் பகுதியும் எஞ்சியது. இத்தகைய வரலாறுடைய கூட்டத்தார், நினைவை அழித்தலை ஏனையோர் போல எளிதாக எடுத்துக்கொள்ளாமை இயல்பே.

இனி 2008-ஆம் ஆண்டிற்கு வருவோம். 1989-இல் நின்ற தொடர் 2005-இல் ரசல் டி. டேவிஸ் என்பாரின் பொறுப்பில் மீண்டும் தொடங்கியது. நான்காம் பருவத்தில் டாக்டராக டேவிட் டெனன்டும், தோழி டோனா நோபிளாகக் கேத்தரின் டேட்டும் நடித்தனர். டோனா இலண்டன் மாநகரின் சிசிக்குப் பகுதியினள், அலுவலகங்களில் தற்காலிக எழுத்தராய்ப் பணிபுரிந்தவள், வாய்த்துடுக்கு உடையவள். தாயின் குத்தல்மொழி கேட்டுக்கேட்டுத் தான் ஒன்றற்கும் உதவாதவள் என்று உள்ளூர நம்பியவள். டாக்டருடன் அவள் கொண்டது காதலன்று, நட்பு. உலகங்களைக் காணக்காண அவள் அறிவும் இரக்கமும் வளர்ந்ததைப் பார்ப்போர் வாரந்தோறும் கண்டனர். பருவத்தின் இறுதிப் பகுதியாகிய 'ஜர்னீஸ் எண்ட்' ஜூலை 5-ஆம் நாள் ஒளிபரப்பாயிற்று. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் அதனைக் கண்டனர். அவ்வாரம் பிரித்தானியாவில் மிகுதியாகப் பார்க்கப்பட்ட நிகழ்ச்சி அதுவே. அதில் டாக்டரின் அறிவு முழுதும் டோனாவினுள் புகுகின்றது. அவ்வறிவால் அவள் எல்லா உலகங்களையும் காக்கின்றாள். ஆனால் மாந்தர் மூளை அதனைத் தாங்காது. தாங்க முயன்றால் எரிந்து மடிவாள். ஆகவே டாக்டர் தன்னைப் பற்றிய நினைவு அனைத்தையும் அவளிடமிருந்து நீக்குகின்றான். அவள் வேண்டாமென மன்றாடுகின்றாள். பழைய நிலைக்குத் திரும்ப மறுத்து அழுகின்றாள். அவன் அவள் நெற்றியில் விரல்களை வைக்கின்றான். அடுத்த காட்சியில் அவள் தொலைபேசியில் ஊர்வம்பு பேசிக்கொண்டிருக்கின்றாள். எதிரே நிற்கும் அவனை ஒரு பொருட்டாகவும் கருதவில்லை. பாட்டனார் வில்பிரட் மட்டும், அவள் பொருட்டு நாள்தோறும் தாம் விண்மீன்களை நோக்குவதாகக் கூறுகின்றார்.

இதனைக் கண்டோர் இருதிறத்தராயினர். உயிரைக் காத்தலினும் பெரிய கடன் மருத்துவனுக்கு இல்லை. இறந்துபடுவதினும் மறந்து வாழ்தல் நன்று என்றனர் ஒருசாரார். அவள் தெளிந்த அறிவோடு மறுத்தாள்; மறுத்தவளிடமிருந்து அவள் வாழ்வின் சிறந்த பகுதியைப் பறித்தது கொடுமை என்றனர் மற்றொரு சாரார். ஆடவன் ஒருவன் பெண்ணின் விருப்பம் கேளாது அவள் நன்மையைத் தானே முடிவுசெய்தான் என்பதையும் இவருட் பலர் சுட்டினர். சாவு நேர்ந்திருப்பினும் இத்துணை வருந்தியிரோம் என்றோரும் உளர்.

தொல்காப்பியர் அழுகைக்கு வகுத்த நிலைக்களன்கள் நான்கனுள் இழவு ஒன்று, அசைவு மற்றொன்று. உற்றாரையோ உடைமையையோ இழத்தல் இழவு. முன்னிருந்த நன்னிலை கெட்டு வேறுபட்டு வருந்துதல் அசைவு என்பது உரையாசிரியர் கொள்கை. 1969-இல் பார்த்தோர் கொண்டது பெரும்பாலும் இழவு பற்றிய அழுகை; பிரிவுத் துயரே அதன் பொருள். டோனாவிற்கு நேர்ந்ததோ அசைவு. ஆனால் இவ்வசைவு தனித்தன்மை உடையது. நிலைகெட்டவள் தான் நிலைகெட்டதை அறியாள். ஆகவே அவளால் அழவும் இயலாது. அவள் எத்தகையவளாய் இருந்தாள் என்பதை அறிந்தோர் பார்ப்போரே. அவளுடைய நினைவு முழுதும் அவர்களிடம் அடைக்கலமாயிற்று. மெய்ப்பாடு தன்கண்ணும் பிறன்கண்ணும் தோன்றும் என்பர். ஈண்டோ அது பிறன்கண் மட்டுமே தோன்றவல்லது. எனவேதான் அவ்வளவு மிகுந்தது.

அவ்வழுகை வெகுளியாகத் திரிந்தமைக்கும் காரணம் உண்டு. வெகுளியின் நிலைக்களன்களுள் உறுப்பறுத்தல் ஒன்று. நினைவு உடலுறுப்பன்று என்பார்க்கு விடை கூறுதல் அரிதன்று. கையிழந்தவள் தன்னைத் தான் என்றே அறிவாள், டோனா அறியாள். எம் கருத்தில், கதையின் காரணகாரியம் முதல் சாரார்க்குத் துணைநிற்கின்றது. காட்சி இரண்டாஞ் சாரார்க்குத் துணைநிற்கின்றது. அவளை முன்னரே மயங்கி விழச்செய்திருந்தால் இவ்வெகுளி எழுந்திராது. மறுப்புச் சொல்லை அவள் வாயில் வைத்தவர் ஆசிரியரே.

தமிழர்க்கு இத்தகைய கதை புதிதன்று. மகாபாரதத்துச் சகுந்தலை கதையில் சாபம் இல்லை. அரசன் அறிந்தே மறுக்கின்றான். காளிதாசன் துருவாசர் சாபத்தை இடையே வைத்து, வஞ்சனையை மறதியாக்கி, தலைவனைப் பழியினின்று மீட்டான். அந்நாடகத்தை மறைமலையடிகள் தமிழாக்கினார். 1940-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சகுந்தலை' திரைப்படத்தால் அக்கதை பலரையும் எட்டியது. முனிவர் சினத்தால் வந்த மறதி ஆதலின் தலைவன்மேல் வெகுளி எழ இடமில்லை.

நமக்கு மிக அணித்தான சான்று, பாலு மகேந்திரா இயக்கி 1982-இல் வெளிவந்த 'மூன்றாம் பிறை'. விபத்தால் உள்ளம் குழந்தைப் பருவத்திற்குத் திரும்பிய பெண்ணாக ஸ்ரீதேவியும், அவளைக் காத்துப் பேணும் ஆசிரியன் சீனிவாசனாகக் கமல்ஹாசனும் நடித்தனர். அவள் குணமடைகின்றாள், குணமடைந்தவுடன் அவனோடு வாழ்ந்த காலம் அவள் நினைவினின்று நீங்குகின்றது. கேத்தி தொடர்வண்டி நிலையத்தில் அவன் குரங்குபோல் ஆடிக்காட்டியும் அவள் அறியாள். பித்தன் என எண்ணிப் போகின்றாள். தமிழ்நாட்டில் அக்காட்சியைக் கண்டு கலங்காதார் சிலரே. அந்நடிப்பிற்குக் கமல்ஹாசன் தேசிய விருது பெற்றார். கண்ணீர் முழுதும் சீனிவாசனுக்கே சென்றது என்பது கருதத்தக்கது. நினைவுடையவன் திரையிலேயே நின்று அழுகின்றான். பார்ப்போர் அவனோடு அழுதால் போதும். பூவிருந்தவல்லியை அடுத்த காட்டுப்பாக்கத்தில் முதுகலை மாணவர் சிலரோடு இவ்விரு கதைகளையும் ஒருங்குவைத்துப் பேச நேர்ந்தபோது, ஒரு மாணவி, "அந்தப் பெண் எதை இழந்தாள் என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லையே, ஐயா" என்றார். கேளாமைக்குக் காரணம் உண்டு. அவள் மறதியினின்று தன் இயல்பிற்கு மீள்கின்றாள். டோனா தன் இயல்பின் உச்சியினின்று மறதிக்குத் தள்ளப்படுகின்றாள். ஆயினும் அம்மாணவி கேட்டது நல்ல வினா.

டோனாவைப் பற்றிய வழக்கு 2008-உடன் முடியவில்லை. 2009 டிசம்பரிலும் 2010-ஆம் ஆண்டு முதல் நாளிலும் வந்த 'தி எண்ட் ஆஃப் டைம்' கதையில் டாக்டர் அவள் திருமண நாளன்று பரிசுச்சீட்டு ஒன்றை மறைமுகமாக அளிக்கின்றான். செல்வம் நினைவிற்கு ஈடாகுமோ என்று அன்பர் பலர் அமைதி கொள்ளவில்லை. ஸ்டீவன் மோஃபட் எழுதிய 'ஹெல் பென்ட்' 2015 டிசம்பர் 5-ஆம் நாள் வந்தது. அதில் டாக்டர் கிளாரா என்னும் தோழியின் நினைவை அழிக்கக் கருவி கொணர்கின்றான். அவள் அதனை அறிந்து, தன் கடந்தகாலம் தன்னுடையதே என வாதிடுகின்றாள். முடிவில் மறப்பவன் டாக்டரே. டோனா கதைக்கு இது விடையென்றே பலர் கொண்டனர்; யாமும் அவ்வாறே கொள்வோம். 2017-இல் பில் என்னும் புதிய தோழியின் நினைவை அழிக்க அவன் கை நீட்டுகின்றான். உனக்கு இவ்வாறு செய்தால் எங்ஙனம் இருக்கும் என அவள் வினவுகின்றாள். அவன் கையை எடுத்துக்கொள்கின்றான். 2008-இல் பார்த்தோர் திரைக்கு வெளியே நின்று கேட்ட வினா, ஒன்பதாண்டுகளில் கதைமாந்தர் வாய்மொழியாயிற்று.

2023 நவம்பர் 25-ஆம் நாள், அறுபதாம் ஆண்டு நிறைவிற்கென டேவிஸ் எழுதிய 'தி ஸ்டார் பீஸ்ட்' ஒளிபரப்பாயிற்று. டோனாவிற்கு நினைவு மீள்கின்றது. அவ்வாற்றலின் ஒரு பகுதி மகள் ரோசுக்குப் பிறப்புரிமையாய்ச் சென்றிருத்தலின் அவள் இறக்கவில்லை. எஞ்சியதையும் இருவரும் தம் விருப்பத்தால் விட்டுவிடுகின்றனர். இத்துணை எளிதாயின் பதினைந்தாண்டு ஏன் என்று கேட்டோர் உளர். அக்குறை முற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் இம்முறை விடுதல் அவள் செய்கை, பறித்தல் அன்று.

அதே மாதம் முதல் நாள், 'டேல்ஸ் ஆஃப் தி டார்டிஸ்' என்னும் சிறுதொடர் பி.பி.சி.யின் இணையவழி ஒளிபரப்பில் வெளிவந்தது. அதன் ஒரு பகுதியில் ஜேமியும் சோயியும் முதியோராய்ச் சந்திக்கின்றனர். நடித்தோர் 1969-இல் நடித்த பிரேசர் ஹைன்சும் வெண்டி பேட்பரியுமே. அழிக்கப்பட்டன எனப்பட்ட பயணங்களை இருவரும் ஐம்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின் நினைவுகூர்ந்து பேசுகின்றனர்.