மாதிரி ரயில் கட்டடங்கள்: குறியற்றவற்றை இனங்காணல்

பொம்மை ரயில் பாதையின் ஓரத்தில் வைப்பதற்கென்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் தகரத்தால் செய்யப்பட்டு வந்த நிலையங்கள், கைகாட்டிக் கூண்டுகள், சரக்குக் கிடங்குகள் ஆகியவற்றுள் செய்தவர் பெயரோ சின்னமோ தாங்காதவை பல. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் அது பிறந்த நாட்டின் பெயரைக் கோரிற்றேயன்றிச் செய்தவர் பெயரைக் கோரவில்லையாதலால், 'ஜெர்மனி' என்ற ஒரு சொல்லே எஞ்சி நிற்கும் கட்டடங்களையும் காண்கிறோம்.

இக்கைத்தொழிலின் தாயகம் ஜெர்மனியே. 1859இல் கோப்பிங்கன் நகரில் தோன்றிய மெர்க்லின் நிறுவனம், 1891இல் லைப்சிக் சந்தையில் தண்டவாள இடைவெளிகளுக்கு எண்ணிட்டு ஒரு கிரமத்தை நிலைநாட்டியது. நியூரம்பர்க் நகரிலோ பிங், கரெட், கார்ல் புப் முதலியோர் மலிவும் வேகமும் கருதித் தொழில் நடத்தினர். இவர்களுள் பிங்கும் கரெட்டும் இங்கிலாந்தின் நார்தாம்டன் நகரிலிருந்த பாஸெட்-லோக் நிறுவனத்துக்குச் சரக்கு அனுப்பினர். மெர்க்லின் கட்டடங்களின் கைவண்ணத்துக்கும் ஈயப்பற்று வேலைக்கும் இணை கூறுதல் அரிது.

ஆகவே கட்டடத்தைக் கவிழ்த்து, உட்புறத்தை முதலில் நோக்குதல் வேண்டும். செங்கல் வரிசையும் ஜன்னல் திரையும் தகரத்தின்மேல் அச்சாகி, சுவர்கள் சிறு நாக்குகளைத் துளையில் நுழைத்து மடக்கி இணைக்கப்பட்டிருப்பின், அது பெரும்பாலும் நியூரம்பர்க் சம்பிரதாயம். தூரிகைத் தடமும் பற்றுவைத்த மூலைகளும் காணப்படின் மெர்க்லினையோ, பிங்கின் ஆதிகால வேலையையோ கருதலாம். தரையில் மெழுகுவர்த்திக் கிண்ணமும் கூரையின் அடியில் புகைக்கரியும் இருப்பது மின்விளக்குக்கு முற்பட்ட காலத்தின் அடையாளம். கூட்டல் குறி போன்ற பள்ளமுடைய திருகாணியோ 1930களின் நடுப்பகுதிக்கு முன் வந்திருக்க இயலாது.

அளவும் ஓரளவு துணைசெய்யும். 2 மீட்டர் உயரமுள்ள கதவு, 32 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள பூஜ்ய எண் பாதைக்குரிய 1:45 விகிதத்தில் சுமார் 44 மில்லிமீட்டராகவும், 1:87 விகிதத்தில் சுமார் 23 மில்லிமீட்டராகவும் அமையும். எனினும் பழைய தகரத் தொழிலாளர் விகிதத்தைப் பொருட்படுத்தாது கதவுகளைக் குறுக்கியமையால், கதவை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறுதல் உசிதமன்று.



மறுவர்ணம் பூசப்பட்ட கட்டடத்தில் வர்ணம் சாட்சியாகாது. இணைப்பு முறையே சாட்சி. அதுவும் போதாதவிடத்து, புகழ்பெற்ற பெயரொன்றை ஏற்றாமல், ஊரையும் உத்தேச காலத்தையும் மட்டும் பதிவு செய்வதே முறை.