தொண்டைச் சதையும் மருத்துவமும்

கிள்ளான் தோட்டத்து லயங்களில் முற்காலத்தில் பிள்ளைக்குத் தொண்டைச் சதை வீங்கினால், கழுத்தில் சுண்ணாம்பும் தேனும் குழைத்துப் பூசுவது வழக்கம். தோல் வெந்ததுண்டு, உள்ளே இருந்த கிருமி சாகவில்லை. மேல்நாட்டாரோ கத்தியை எடுத்தார்கள். 1934இல் வெளியான நியூயார்க் ஆய்வொன்றில், 1,000 பள்ளிப் பிள்ளைகளில் 611 பேருக்குச் சதை ஏற்கெனவே அகற்றப்பட்டிருந்தது.

1928இல் பிளெமிங் கண்டறிந்த பெனிசிலின், 1940களில் மருந்தாகப் பரவியது. பெரும்பாலான வீக்கம் வைரஸால் வருவது. ஓய்வெடுத்தால் தானே ஆறும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வந்ததைக் கவனியாது விட்டால், வாதக் காய்ச்சலாகி இதய வால்வுகளைக் கெடுக்கலாம். எது என்பதை மருத்துவரே சோதித்துச் சொல்ல வேண்டும். அவர் பெனிசிலின் கொடுத்தால், மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். சொன்ன நாள்வரை கொடுங்கள். அடிக்கடி வந்து வாட்டினால் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.