"நீங்க ஏன் சார் எதுவும் கண்டுபிடிக்கறதில்ல?"

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சிட்டு இருந்த த்ரெட் இது. கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

நோணாங்குப்பம் தெரியும்ல? போட் ஹவுஸ் இருக்கற ஊர். சுண்ணாம்பாற்றுப் பாலத்தைத் தாண்டி கடலூர் ரோட்டுல தெற்கே கொஞ்ச தூரம் போனா தவளக்குப்பம். அங்கேதான் அரவிந்த் கண் மருத்துவமனையோட புதுச்சேரி கிளை, 2003ல் திறந்தது. காலையில நம்ம ஸ்டாப்பிங்ல பஸ் ஏறினா, கறுப்புக் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருத்தராவது உள்ளே இருப்பார். பக்கத்துல ஒரு பேரனோ மகளோ.

அப்படி ஆபரேஷன் பண்ணிட்டு வந்த ஒரு அய்யா, என்கிட்ட சுகருக்கு மாத்திரை வாங்க வருவார். போன வருஷம் ஓ.பி.யில உட்கார்ந்து கேட்டார்: "கண்ணுக்குள்ள வெக்கிற லென்ஸையே அவங்களே செய்யறாங்களாமே! நீங்களும் டாக்டர்தான். கவர்மென்ட் சம்பளம் வேற. நீங்க ஏன் சார் எதுவும் கண்டுபிடிக்கறதில்ல?"

"ஓ.பி. முடிக்கவே நேரமில்ல அய்யா"ன்னு சிரிச்சிட்டு அனுப்பிட்டேன். பாதி உண்மைதான் அது. மீதிப் பாதியைத் தேடித்தான் இந்தக் கதை. ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். நான் எம்.பி.பி.எஸ். மட்டும்தான், கண் மருத்துவன் இல்லை. அந்த மருத்துவமனைக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

கதை லண்டன்ல ஆரம்பிக்குது. செயின்ட் தாமஸ் மருத்துவமனையில ஹெரால்டு ரிட்லினு ஒரு கண் அறுவை மருத்துவர். 1940களோட கடைசி. அப்போ கண்புரை ஆபரேஷன்னா புரை விழுந்த லென்ஸை எடுத்துடுவாங்க, அவ்வளவுதான். அதுக்கு பதிலா உள்ளே எதுவும் வைக்க மாட்டாங்க. அப்படி ஒரு ஆபரேஷனைப் பார்த்துட்டு இருந்த மருத்துவ மாணவர் ஒருத்தர், எடுத்த லென்ஸுக்கு பதிலா இன்னொண்ணு ஏன் வைக்கலைன்னு கேட்டார். "பேசாம வேடிக்கை பாரு"ன்னு சொல்லி முடிச்சிருக்கலாம். ரிட்லிக்கு அந்தக் கேள்வி மண்டையில உட்கார்ந்துடுச்சு.

இரண்டாம் உலகப் போர்ல போர் விமானங்களோட மேல்மூடி உடைஞ்சு, பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளோட கண்ணுக்குள்ள போயிருந்துச்சு. அந்தச் சில்லு உள்ளேயே கிடந்தாலும் கண் பெரிசா எதிர்ப்பு காட்டலைங்கறதை ரிட்லி கவனிச்சிருந்தார். அதே பிளாஸ்டிக்ல ரேய்னர் கம்பெனியை லென்ஸ் செய்யச் சொல்லி, 1949 நவம்பர் 29ஆம் தேதி ஒரு நோயாளியோட கண்ணுல வச்சார். ரகசியமா. வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்னு அவருக்குத் தெரியும்.

தெரிஞ்சப்போ அதேதான் ஆச்சு. 1951ல் ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டுல நோயாளிகளையே கூட்டிட்டுப் போய்க் காட்டினார். பிரிட்டிஷ் கண் மருத்துவத்தோட பெரிய தலையான டியூக்-எல்டர் அவங்களைப் பார்க்கக்கூட மறுத்துட்டார். பெரியவரே மறுத்தப்புறம் மத்தவங்க என்ன செய்வாங்க? ஆரம்பகால லென்ஸ்கள்ல நிஜமான பிரச்சினைகளும் இருந்துச்சு, அதையும் சொல்லணும். ஆனா அதை உட்கார்ந்து சரிபண்றதுக்கு பதிலா கேலி பண்றதுல நிறைய வருஷம் போச்சு. அமெரிக்காவோட எஃப்.டி.ஏ. இந்த வகை லென்ஸுக்கு அனுமதி கொடுத்தது 1981ல். ரிட்லிக்கு சர் பட்டம் கிடைச்சது 2000ல், 93 வயசுல. கண்டுபிடிப்பு ஒரே நாள்ல நடந்துச்சு. அது நோயாளிக்குப் போய்ச் சேர விடாம 30 வருஷம் பிடிச்சு வச்சது அந்தத் துறையோட பழக்கவழக்கம்தான்னு நான் நினைக்கிறேன்.

இப்போ நம்ம பக்கம். கோவிந்தப்ப வெங்கடசாமி, எல்லாருக்கும் "டாக்டர் வி". 1918ல் எட்டயபுரம் பக்கத்துல அயன் வடமலாபுரம் கிராமத்துல பிறந்தவர். மதராஸ் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில படிச்சிட்டு ராணுவ மருத்துவப் பிரிவுக்குப் போனார். அங்கே முடக்குவாதம் தாக்கி விரலெல்லாம் கோணிப்போச்சு. மாசக்கணக்குல படுக்கை. பிரசவ மருத்துவம் பண்ணணும்னு இருந்த ஆசையை விட்டுட்டு கண் பக்கம் வந்தார். கோணின விரலுக்கு ஏத்த மாதிரி கருவிகளை மாத்தி அமைச்சுக்கிட்டு ஒரு லட்சத்துக்கும் மேல அறுவை சிகிச்சை செஞ்சார்.

நிறைய பேர் தாண்டிப் போற ஒரு விஷயம்: அவர் வாழ்க்கையோட பெரும்பகுதி அரசு டாக்டர். மதுரை அரசு மருத்துவமனையில கண் பிரிவுத் தலைவர். ஊர் ஊரா கண் சிகிச்சை முகாம் போட்டுக் கூட்டத்தைச் சமாளிக்கக் கத்துக்கிட்டது அந்த வேலையிலதான். 1973ல் பத்மஸ்ரீ வந்ததும் அரசுப் பணியில இருக்கும்போதுதான். 1976ல் 58 வயசுல ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம்தான் மதுரையில 11 படுக்கையோட அரவிந்த் ஆரம்பிச்சது. பேரு நம்ம ஊர் அரவிந்தரோட பேரு. டாக்டர் வி ஆசிரமத்து பக்தர். பணத்துக்குக் குடும்பத்து நகைகள் அடகுக்குப் போச்சு. தங்கச்சி டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, இன்னும் சொந்தபந்தம் எல்லாரும் அதுக்குள்ள இறங்கினாங்க.

அப்போ இந்தியாவுல ஏழைக்குப் புரை எடுத்தா கிடைச்சது சோடாபுட்டிக் கண்ணாடி. உங்க வீட்டுப் பழைய போட்டோவுல ஏதாவது ஒரு தாத்தா போட்டிருப்பார் பாருங்க. அது உடைஞ்சாலோ தொலைஞ்சாலோ திரும்பவும் கண்ணு தெரியாதவர்தான். வெளிநாட்டு லென்ஸ் இருந்துச்சு, ஆனா ஒண்ணு 80லிருந்து 150 டாலர் வரைக்கும். "வளரும் நாடுகளுக்கு கண்ணாடியே போதும்"னு பேசின நிபுணர்களும் இருந்தாங்க. லென்ஸை நீங்களே செய்யறதா, அந்தத் தரம் இங்கே வருமான்னு கேட்டவங்களும் இருந்தாங்க.

1992ல் மதுரையில ஆரோலேப் தொடங்குச்சு. அமெரிக்காவோட டேவிட் கிரீன், சேவா ஃபவுண்டேஷன் மாதிரி வெளி உதவியும் இருந்துச்சு. லென்ஸ் விலை 10 டாலர் பக்கம் வந்து, பிறகு அதிலும் பாதிக்குக் கீழே போச்சு. இன்னிக்கு நூத்துக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகுது. அப்புறம் தையல் நூல், கண் மருந்து, கண் அழுத்த நோய்க்கு உள்ளே வைக்கிற சின்னக் கருவின்னு விரிஞ்சுது.

இதுல எனக்கு ஆச்சரியம் மெஷின் இல்லை, ஆட்கள். லென்ஸைக் கடைஞ்சு, மெருகேத்தி, மைக்ராஸ்கோப் வச்சுப் பார்த்து "இது ஆகாது"ன்னு தள்றவங்கள்ல பெரும்பாலானவங்க கிராமத்துப் பொண்ணுங்க. மருத்துவமனையிலயும் அதே முறைதான். பள்ளிக்கூடம் முடிச்ச பொண்ணுங்களை எடுத்து ரெண்டு வருஷம் பயிற்சி. தியேட்டர்ல ரெண்டு டேபிள். ஒண்ணுல டாக்டர் ஆபரேஷன் பண்ணும்போதே அடுத்ததுல நோயாளி தயாரா இருப்பார். டாக்டர் ஸ்டூலைத் திருப்பினா போதும். இப்படி ஒரே வேலையை ஒரே மாதிரி ஆயிரம் தடவை செய்யற இடத்துல, ஒண்ணு லேசா மாறினாலும் கண்ணுல படும். ஆராய்ச்சிக்கு முதல் தேவை அதுதான்.

அடுத்த தேவை, பட்டதை எழுதி வைக்கறது. அரவிந்த்ல ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற சிக்கல்களை விடாம பதிவு பண்ணுவாங்க. எந்த டாக்டர், என்ன சிக்கல், எத்தனை. அதை வச்சு உட்கார்ந்து பேசுவாங்க.

இதோட பலன் என்னன்னு ஒரு உதாரணம். புரை ஆபரேஷன்ல எல்லாரும் பயப்படறது கண்ணுக்குள்ள சீழ் பிடிக்கறது. பார்வையே போயிடும். ஆபரேஷன் முடியும்போது மாக்ஸிஃப்ளாக்ஸசின் மருந்தைக் கண்ணுக்குள்ளயே செலுத்தினா இது குறையுமா? ஆயிரத்துல ஒருத்தருக்குக்கூட வராத சிக்கல் இது, அதனால நூறு பேரை வச்சுப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. அரவிந்தோட 10 மருத்துவமனைகள்ல 2014லிருந்து 2016 வரைக்கும் நடந்த 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன் பதிவுகளை எடுத்துப் பார்த்தாங்க. மருந்து போடாதவங்கள்ல 0.07 சதவீதம். போட்டவங்கள்ல 0.02. ஒரு லட்சம் பேருக்கு 70லிருந்து 20. 2017ல் வெளிவந்த இந்த ஆய்வை உலகம் முழுக்க மேற்கோள் காட்டறாங்க. தனியா ஆராய்ச்சிக்குன்னு ஆள் பிடிச்சுச் சேர்த்த எண்ணிக்கை இல்லை இது. தினசரி வேலையோட ரிஜிஸ்டர்.

தவளக்குப்பத்துலயே நடந்த ஒண்ணும் உண்டு. முத்திப்போன வெள்ளைப் புரைக்கு, விலை கூடின மெஷின் முறை நல்லதா, கையாலயே சின்னக் கீறல் போட்டு எடுக்கற முறை நல்லதா? 270 நோயாளிகளைக் குலுக்கல் முறையில பிரிச்சுப் பார்த்தாங்க. பார்வையில பெரிய வித்தியாசம் இல்லை. நேரம் மட்டும் மெஷினுக்கு சராசரி 12.2 நிமிஷம், கைக்கு 8.8. வெளிவந்தது 2010ல். மெஷின் விக்கிற கம்பெனி இந்தக் கேள்வியைக் கேக்குமா? கேக்காது.

கருவிழிப் புண்ணும் அப்படித்தான். நெல் அடிக்கும்போது உமியோ சோகையோ கண்ணுல பட்டு பூஞ்சை பிடிக்கற நோய். பழைய நாட்டமைசின் சொட்டு மருந்தா, புதுசா வந்த வோரிகோனசோலான்னு 323 பேரை வச்சு அரவிந்த் மருத்துவமனைகள்ல, புதுச்சேரி உட்பட, அமெரிக்கப் பல்கலைக்கழகத்தோட சேர்ந்து பார்த்தாங்க. 2013ல் முடிவு: பழசுதான் ஜெயிச்சது.

இப்போ என் கதைக்கு வரேன். பல வருஷம் முன்னாடி ஒரு மருத்துவமனையில இருந்தப்போ, ஒரே வாரத்துல மூணு பேருக்குத் தையல் போட்ட இடத்துல சீழ். நைட் டூட்டி சிஸ்டர்தான் கவனிச்சு சொன்னாங்க. ரிஜிஸ்டர்ல எழுதலாம்னு பேனா எடுத்தேன். சீனியர் ஒருத்தர் தோள்ல கை வச்சு, "தம்பி, எழுதினா மெமோ யாருக்கு வரும்னு நினைக்கற?"ன்னார். கெட்டவர் இல்லை அவர். என்னைக் காப்பாத்தத்தான் சொன்னார். நான் எழுதலை. அந்த மாச அறிக்கையில எங்க வார்டு தொற்று எண்ணிக்கை பூஜ்யம். நாலாவது ஆளுக்கும் சீழ் வந்துச்சு. அந்த அம்மா கூடுதலா பதினோரு நாள் படுத்திருந்தாங்க.

ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1996ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மருத்துவமனை வார்டுகள்ல மருந்து கொடுக்கறதுல நடக்கற தவறுகளைப் பத்தி. நல்லா நடக்கற வார்டுல தவறு கம்மியா இருக்கும்னு எதிர்பார்த்தாங்க. பார்த்தா அங்கேதான் கூடுதல்! தோண்டிப் பார்த்தப்போதான் புரிஞ்சுது, அந்த வார்டுகள்ல நர்ஸுங்க பயமில்லாம வெளியே சொல்றாங்க. மத்த வார்டுகள்ல மறைக்கறாங்க. இதைப் படிச்சப்போ எனக்கு அந்த பூஜ்யம்தான் ஞாபகம் வந்துச்சு.

"அரவிந்தைப் பாரு, அரசு ஆஸ்பத்திரியைப் பாரு"ன்னு ஒரு வரியில முடிச்சிடாதீங்க. அவங்களுக்கு ஒரே உறுப்பு. எங்க கேஷுவாலிட்டிக்குப் பாம்புக்கடியும் வரும், பூச்சி மருந்து குடிச்சவரும் வருவார், நடுராத்திரி பிரசவமும் வரும். எதையும் திருப்பி அனுப்ப முடியாது. அவங்க முறையிலயும் எனக்குக் கேள்வி உண்டு. அந்தப் பொண்ணுங்க உழைப்புக்கு ஏத்த சம்பளமா? பக்தியையும் குடும்பத்தையும் மையமா வச்ச ஒரு அமைப்புல மேலே இருக்கறவரை எதிர்த்துப் பேச எவ்வளவு இடம் இருக்கும்? வெளியே இருந்து பார்க்கற எனக்கு இதைக் கேட்கத்தான் முடியும். ஆனா டாக்டர் வி அந்தப் பழக்கத்தையெல்லாம் எங்க மாதிரி ஒரு அரசு ஆஸ்பத்திரியிலதான் வளர்த்துக்கிட்டார்ங்கறது என்னை விடமாட்டேங்குது. நேரமில்லைன்னு நான் சொன்ன சாக்கு அங்கேயே அடிபட்டுப் போகுது.

மூணு மாசம் முன்னாடி எங்க வார்டுல 40 பக்க நோட்டு ஒண்ணு வாங்கி வச்சோம். தப்பு, சிக்கல், சந்தேகம் எது வேணா எழுதலாம். பேர் போட வேண்டாம். முதல் மாசம் மொத்தம் ரெண்டு வரி, ரெண்டும் என் கையெழுத்து. ரெண்டாவது மாசம் ஒண்ணு கூட இல்லை. இந்த மாசம் நான் ஊசி டோஸ் மாத்தி எழுதினதையும், சிஸ்டர் அதைப் பிடிச்சதையும் என் பேரோட எழுதி வச்சேன். அதுக்கப்புறம் ஒன்பது வரி வந்திருக்கு.

போன வாரம் ஹவுஸ் சர்ஜன் பொண்ணு ஒண்ணு எழுதியிருக்கு: "நைட்டுல போடற வென்ஃப்ளான் மட்டும் ஏன் சீக்கிரம் வீங்குது?" எனக்குப் பதில் தெரியலை. பகல்ல போட்டது எத்தனை, நைட்டுல போட்டது எத்தனை, எத்தனாவது நாள் வீங்குதுன்னு கோடு போட்டு எண்ண ஆரம்பிச்சிருக்கோம். நேத்து வரைக்கும் 64.