அமாவாசைக்கு நாம கூப்பிடுற காக்கை கிள்ளானுக்கு வந்த கதை



ஆடி அமாவாசை நெருங்குது. தர்ப்பணத்துக்குப் பேர் கொடுக்க வர்றவங்க எல்லாரும் என்கிட்ட ஒரே கேள்விதான் கேட்கிறாங்க: "தம்பி, இந்த வருஷம் பின்பக்கம் காக்கைக்கு இலை வைக்கலாமா?" போன வருஷம் நடந்தது தெரிஞ்சதால கேட்கிறாங்க. பதில் சொல்றதுக்கு முன்னாடி இந்தக் காக்கையோட கதையைச் சொல்லிடறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

கிள்ளான்ல வளர்ந்தவங்களுக்குக் காக்கை இல்லாத கிள்ளானை நினைச்சே பார்க்க முடியாது. காலையில பசார்ல மீன்குடலுக்குச் சண்டை, சாயங்காலம் ரோட்டோர மரத்துல ஒரே இரைச்சல். ஆனா சுமார் 130 வருஷத்துக்கு முன்னாடி இந்தக் காக்கை இங்கே கிடையாது. அப்போ இந்த மண்ணில் இருந்தது வேற ஜாதி: பெரிய அலகு, உடம்பு முழுக்கக் கறுப்பு, நம்ம அண்டங்காக்கை மாதிரி. கழுத்து மட்டும் சாம்பல் நிறமா இருக்கிற வீட்டுக் காக்கை, இலங்கையிலிருந்து கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டது.

ஏன் கொண்டுவந்தாங்க? காப்பிக்காக.

இலங்கையில் 1869-ல் காப்பி இலைகளில் துரு மாதிரி ஒரு நோய் தென்பட்டது. அடுத்த 20 வருடங்களில் அங்கே காப்பித் தோட்டத் தொழிலே சரிந்துபோனது. சில துரைமார்கள் தேயிலைக்கு மாறினார்கள். சிலர் மலாயாவுக்கு வந்து சிலாங்கூரில் காப்பி போட்டார்கள். அந்தத் தோட்டங்களில் காடு வெட்டி, கன்று நட்டு, பழம் பறித்தவர்களில் தமிழர்கள் ஏராளம். பால்மரம் வருவதற்கு முன்பே நம்மவர்கள் இங்கே காப்பித் தோட்டத்தில் உழைத்தார்கள் என்பது இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

1890-களில் கிள்ளான் வட்டாரக் காப்பிச் செடிகளைப் புழு பிடித்தது. இலையெல்லாம் தின்று குச்சியை மட்டும் விட்டுவைக்கும் புழு. இலங்கைக் காக்கையைக் கொண்டுவந்து விட்டால் அது புழுவைப் பொறுக்கித் தின்னும் என்று துரைமார்கள் கணக்குப் போட்டார்கள். அந்த 1890-களிலிருந்து 1900-களின் தொடக்கம் வரை காக்கைகளைக் கூண்டில் அடைத்துக் கொண்டுவந்து கிள்ளான் பக்கம் விட்டார்கள். இது வாய்வழிக் கதை இல்லை. இலங்கைக் காக்கையை மலாயாவில் குடியேற்றியது பற்றி 1903-ல் கொழும்பு அருங்காட்சியகத்தின் 'ஸ்போலியா ஸெய்லானிக்கா' இதழில் ஒரு கட்டுரையே வந்திருக்கு. எழுதியவர்களில் ஒருவர் அப்போது மலாய் ஐக்கிய மாநிலங்களின் தலைமை ரெசிடெண்டாக இருந்த டிரீச்சர். இன்னொருவர் தோட்டக்காரர் கேரி. நம்ம பக்கத்துல இருக்கிற கேரித் தீவு அவர் பெயரில் உள்ளதுதான்.

இதுல வேடிக்கை என்னன்னா, காக்கை வந்து காலூன்றிய நேரத்தில் காப்பியே போயிடுச்சு. பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து விலை விழுந்தது. துரைமார்கள் காப்பியைப் பிடுங்கிவிட்டு ரப்பர் நட்டார்கள். எந்த வேலைக்குக் காக்கையைக் கூட்டிவந்தார்களோ அந்த வேலை போச்சு. திருப்பி அனுப்பவும் யாரும் இல்லை.

தோட்டத்துல பிறந்தவங்களுக்கு இந்தக் கதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். வேலைக்குன்னு கப்பல்ல கூட்டிவந்தாங்க. தோட்டம் கைமாறி, துண்டு துண்டாகி, வீடமைப்புத் திட்டமானதும் லயத்தைக் காலி பண்ணச் சொன்னாங்க. நாம பட்டணத்துக்கு வந்தோம். காக்கை நமக்கு முன்னாடியே பட்டணத்துக்கு வந்திடுச்சு.

வீட்டுக் காக்கை காட்டுக்குள்ள போய்ப் பிழைக்காது. மனுஷன் இருக்கிற இடத்திலதான் இருக்கும். நாம சிந்துறது, கொட்டுறது, மூடாம விடுறது எல்லாம் அதுக்கு ஆகாரம். பல காலம் இது பெரும்பாலும் கிள்ளான் வட்டாரத்தோட நின்றது. பட்டணங்கள் வளர்ந்து குப்பை பெருகியதும் மற்ற ஊர்களுக்கும் பரவியது. சிங்கப்பூரில் 1940-களில் தென்பட்டது. பின்னாலேயே குயிலும் ஊருக்குள் குடியேறியது, காக்கைக் கூட்டில்தானே அது முட்டையிடும். ஒரு கட்டத்தில் ரெண்டு நாட்டிலும் துப்பாக்கி எடுத்தாங்க. சிங்கப்பூரில் 2020-ல் சுடுவதை நிறுத்திட்டாங்க. இங்கே இன்னும் அப்பப்போ நடக்குது. எத்தனை சுட்டாலும் சாப்பாடு கிடக்கிற இடத்துக்கு மறுபடியும் கூட்டம் வரும்.

இப்போ நம்ம கோயிலுக்கு வர்றேன்.

போன வருஷம் ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் முடிச்சு ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியா இலை போட்டாங்க. எள்ளுச் சோறு, வடை, பாயாசம். காலையில் வெச்ச இலை சாயங்காலம் வரைக்கும் அப்படியே கிடந்துச்சு. பக்கத்துல அன்னதானப் பொட்டலம் நிரம்பி வழிஞ்ச குப்பைத் தொட்டி, மூடி திறந்தபடி. தொண்டர்கள் எங்க மேலயும் தப்பு இருக்கு, மறுநாள் பார்த்துக்கலாம்னு விட்டுட்டோம். அந்த வாரம் முழுக்கக் காக்கை கூட்டம் கூட்டமா வந்துச்சு. பக்கத்துக் கடைக்காரங்க குறை சொன்னாங்க. கூட்டுக்குக் கீழே நடந்து போன ஒரு பாட்டியைத் தலையில கொத்திடுச்சு. ரெண்டு வாரத்துல துப்பாக்கிக்காரங்க வந்துட்டாங்க.

சுட்டு முடிச்சப்போ நான் வாசல்ல நின்னேன். பூமாலை வாங்க வந்த ஒரு அம்மா ரோட்டுல கிடந்ததைப் பார்த்துட்டுச் சொன்னாங்க: "அன்னிக்கு எங்கப்பான்னு சொல்லித்தானே தம்பி கூப்பிட்டேன்." எனக்குப் பதில் வரல. சுட்டவங்களைக் குறை சொல்ல மனசு வரல. கூட்டத்தை வரவழைச்சது நாம. ஒரு பிடி சோறு அதைச் செய்யல. அள்ளாம விட்ட இலையும் மூடாத தொட்டியும்தான் செய்துச்சு.

அதனால இந்த வருஷம் நிர்வாகத்துல பேசி முடிவு பண்ணியிருக்கோம். பின்பக்கம் எல்லாக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு இலை. ஒவ்வொருத்தரும் ஒரு பிடி சாதம் மட்டும் வைங்க. வடை, பாயாசம், பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம். ஒரு தொண்டர் பக்கத்திலேயே நிற்பார், அரை மணி நேரத்துல இலையை எடுத்துடுவார். காக்கை எடுத்தாலும் எடுக்காட்டியும் மனசு சங்கடப்படாதீங்க, வெச்ச நேரத்துலயே உங்க கடமை முடிஞ்சது. அன்னதானப் பொட்டலத்தை மூடியுள்ள தொட்டியிலதான் போடணும்.

சிங்கப்பூர்ல இருந்து இதைப் படிக்கிற சொந்தங்களுக்கு: அங்கே காட்டுப் பறவை, விலங்குகளுக்குத் தீனி போடுறது 2020-லிருந்து தீவு முழுக்கக் குற்றம், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். காக்கைக்கும் அதே சட்டம்தான். உங்க கோயில் குருக்களைக் கேட்டு, மாற்று வழியில் செய்யுங்க.

நம்ம முன்னோர் வந்த அதே கடல் வழியா, அதே தோட்டத்துக்கு வந்த பறவை இது. அவங்க பேரைச் சொல்லி அதைக் கூப்பிடுறோம். கூப்பிட்ட பிறகு சுட வைக்கக் கூடாது.

இலை எடுக்கவும் தொட்டி பார்க்கவும் நாலு பேர் வேணும். வர முடிஞ்சவங்க கோயில் அலுவலகத்துல பேர் கொடுங்க.

சிவாய நம.