சாயம் கண்டதும் சட்டம் காணாததும்

1890-இல் பம்பாய் நகராட்சி ஆணையராக இருந்தவர் ஹாரி ஆர்புத்நாட் ஆக்வொர்த். மராட்டியரின் வீரக்கதைப் பாடல்களைத் திரட்டி 1894-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவரும் அவரே. நகரத் தெருக்களில் பிச்சையெடுத்துத் திரிந்த தொழுநோயாளிகளுக்கு ஒரு காப்பகம் கட்ட அவர் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினார். அதற்கு அமைந்த இடம் மாட்டுங்கா. அன்றைக்கு அது நகர நெரிசலுக்கு வெகு வடக்கே, வயலும் வெட்டவெளியுமாகக் கிடந்தது. 1896-இல் பிளேக் வந்து, 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் பிறந்து, மனைகள் பிரித்துத் தெருக்கள் போட்ட பிறகுதான் தென்னிந்தியக் குடும்பங்கள் அங்கே குடியேறின. கோயிலும் பூக்கடையும் காப்பிக் கடையும் வருவதற்கு முன்பே மாட்டுங்காவில் தொழுநோயாளிகள் குடியிருந்தார்கள்.

அந்தக் காப்பகத்துக்குள் யாரை அனுப்புவது? ஒருவருக்குத் தொழுநோய் என்று எதை வைத்துச் சொல்வது? அவரால் அடுத்தவருக்குத் தொற்றும் என்று எப்படி அறிவது? 1890-இல் இந்தக் கேள்விகளுக்கு இரண்டு வகையான சான்றுகள் கைவசம் இருந்தன. ஒன்று, எவர் கண்ணுக்கும் தெரிகிற புண். மற்றொன்று, சாயமேற்றிய கண்ணாடித் தகட்டில் நுண்ணோக்கிக்கு மட்டும் தெரிகிற சிவப்புக் கோல்.

இரண்டாவது சான்றின் கதையிலும் பம்பாய்க்குப் பங்கு உண்டு. உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் படிக்கும் கிரேயின் உடற்கூறியல் நூலுக்குப் படம் வரைந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர், அந்த நூல் வெளியான 1858-இல் கப்பலேறிப் பம்பாய்க்கு வந்தார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியிலும் ஜே.ஜே. மருத்துவமனையிலும் முப்பது ஆண்டுக்காலம் பணியாற்றினார். தொழுநோயில் நரம்புகள் தடித்துப்போவதை 1860-களிலேயே அவர் விரிவாக எழுதினார். 1873-இல் நார்வேக்குப் போய், அங்கிருந்த தொழுநோய் மருத்துவமனைகளைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார்.

அதே 1873-இல்தான் நார்வேயின் பெர்கன் நகரில் அர்மவர் ஹான்சன், நோயாளிகளின் தோல் முடிச்சுகளிலிருந்து எடுத்த திசுவில் கோல் வடிவத் துகள்களைக் கண்டார். பரம்பரை நோய் என்று ஐரோப்பாவின் பெரிய மருத்துவர்கள் சாதித்துக்கொண்டிருந்த காலம் அது. ஹான்சன் பார்த்தது பெரும்பாலும் சாயமேற்றாத திசு. நிறமற்ற செல்லுக்குள் நிறமற்ற கிருமி எப்படித் தெரியும்? கண்டவருக்கு உறுதியாக இருந்தது, மற்றவருக்குக் காட்டத்தான் வழியில்லை. 1879-இல் ஆல்பர்ட் நைசர் என்ற இளம் ஜெர்மானிய மருத்துவர் பெர்கனுக்கு வந்து, ஹான்சன் கொடுத்த மாதிரிகளை ஊருக்கு எடுத்துப் போனார். புதிய அனிலின் சாயங்களைக் கொண்டு அந்தக் கோல்களுக்கு நிறம் ஏற்றினார். தாமே கண்டுபிடித்ததுபோல அறிவிக்கவும் செய்தார். கண்டுபிடித்த பெருமை யாருக்கு என்று எழுந்த சச்சரவில் கடைசியில் ஹான்சனின் பெயரே நிலைத்தது. ஆனாலும் அந்தக் கோல்களை உலகத்தின் கண்ணுக்குக் கொண்டுவந்தது சாயம்.

சாயங்கள் பிறந்தது மருந்துக்காக அல்ல, துணிக்காக. செல்லின் கருவுக்கு நீலநிறம் தரும் ஹெமடாக்சிலின், மெக்சிகோவின் கம்பீச்சி கரையோரத்து மரத்தின் வைரத்திலிருந்து எடுப்பது. நூற்றாண்டுக்கணக்காக அது துணிச்சாயமாகத்தான் விற்றது. அதனுடன் சேர்ந்து செல்லின் மற்றப் பகுதிகளுக்கு இளஞ்சிவப்பு தரும் ஈயோசின் 1870-களில் ஜெர்மனியில் உருவானது. பட்டுக்காக 1859-இல் பிரான்சின் லியோனில் செய்யப்பட்ட ஃபியூக்சின்தான் காசநோய்க்கும் தொழுநோய்க்கும் உரிய செஞ்சாயம் ஆயிற்று. 1882 மார்ச்சில் ராபர்ட் கோஹ் காசநோய்க் கிருமியை அறிவித்தார். சில வாரங்களுக்குள் பால் எர்லிக் ஒரு விந்தையைக் கவனித்தார்: சாயமேற்றிய இந்தக் கிருமியை அமிலத்தில் கழுவினாலும் நிறம் போவதில்லை. ஃபிரான்ஸ் ஸீல் சாயக்கரைசலில் கார்பாலிக் அமிலத்தைச் சேர்த்தார், ஃபிரீட்ரிக் நீல்சன் ஃபியூக்சினைச் சேர்த்தார். அவர்கள் இருவர் பெயரால் வழங்கும் ஸீல்–நீல்சன் முறை இன்றுவரை ஆய்வகங்களில் இருக்கிறது.

அதன் செய்முறை எளிது. காது மடலிலோ புருவத்திலோ தோலை இரத்தம் வராமல் இடுக்கிப் பிடித்து, சிறிது கீறி, கத்தி நுனியால் சுரண்டிய சாற்றைக் கண்ணாடித் தகட்டில் தடவுவார்கள். அதன்மேல் கார்பால் ஃபியூக்சினை ஊற்றி ஆவி எழும்வரை சூடாக்குவார்கள். கிருமியின் மேலுறையில் மைக்கோலிக் அமிலம் என்னும் மெழுகுத்தன்மையுள்ள பொருள் அடர்ந்திருக்கிறது. சூட்டிலும் கார்பாலிலும் சாயம் அதனுள் புகுந்துகொள்ளும். பிறகு அமிலத்தில் கழுவினால் மற்றவை எல்லாம் வெளுத்துவிடும், கிருமி மட்டும் சிவப்பாக நிற்கும். கடைசியில் மெத்திலின் நீலம் ஊற்றினால் நீலப் பின்னணியில் சிவப்புக் கோல்கள். கிருமி மிகுந்த நோயாளியின் தகட்டில் அவை பீடிக்கட்டுபோல் கற்றை கற்றையாகக் கிடக்கும்.

இந்த அறிவு கைக்கு வந்து பதினாறு ஆண்டுகள் கழித்து, 1898-இல் இந்தியாவில் தொழுநோயாளிகள் சட்டம் வந்தது. அதற்கு முன்பே, இந்தியாவெங்கும் சுற்றிய தொழுநோய் ஆணையம், நோய் தொற்றும் வாய்ப்பு குறைவு, கட்டாயமாக ஒதுக்கி வைக்கத் தேவையில்லை என்று கருத்துச் சொல்லியிருந்தது. ஆணையத்தை அனுப்பிய லண்டன் குழுவே அதை ஏற்க மறுத்தது. 1897-இல் பெர்லினில் கூடிய உலக மாநாடு ஒதுக்கிவைப்பதை ஆதரித்தது. சட்டம் தன் வரையறையில் கிருமியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. புண் வைக்கத் தொடங்கியவரே சட்டத்தின் கண்ணில் தொழுநோயாளி. அவர் பிச்சையெடுத்தாலோ பிழைக்க வழியில்லாமல் திரிந்தாலோ காவலர் பிடித்துக் காப்பகத்துக்கு அனுப்பலாம்.

இதில் ஒளிந்திருக்கும் கொடுமையைச் சாயமேற்றிய தகடு அம்பலப்படுத்துகிறது. கைகால் விரல்கள் தேய்ந்து, பாதத்தில் ஆறாத புண்ணுடன் தெருவில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் நரம்பு கெட்டு உணர்ச்சி இழந்தவர். சூடும் முள்ளும் தெரியாததால் வந்த புண் அது. அவர் தோலைச் சுரண்டிப் பார்த்தால் பலரிடம் ஒரு கோல்கூடத் தென்படாது. மாறாக, காது மடல் சற்றே தடித்து, முகம் மினுமினுப்பாக, புண் எதுவும் இல்லாமல் கடையிலோ ஆலையிலோ வேலை பார்க்கும் ஒருவரிடம் கோடிக்கணக்கில் கிருமி இருக்கக்கூடும். சட்டம் பிடித்தது முன்னவரை. வறுமையும் உருவமுமே குற்றமாயின. சாயம் தந்த சான்றைச் சட்டம் எழுதியவர்கள் கணக்கில் எடுக்கவே இல்லை.

சாயத்துக்கும் ஒரு குறை இருந்தது. சுரண்டிய சாற்றில் எளிதாகத் தெரியும் கிருமி, வெட்டியெடுத்த திசுவில் மறைந்துவிடும். திசுவை மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்னும் சீவும் கருவியில் ஐந்து மைக்ரான் கனத்துக்குச் சீவி, சைலீனில் மெழுகை நீக்கும்போது கிருமியின் மேலுறைக் கொழுப்பும் கரைந்துபோகிறது. காசநோய்க் கிருமி இதைத் தாங்கும், தொழுநோய்க் கிருமி தாங்காது. 1938-இல் ஃபைட், ஃபராகோ ஆகியோர் இதற்கு வழி கண்டனர். அந்த வழியில் அமைந்த முறையில் சைலீனுடன் கடலை எண்ணெயைக் கலக்கிறார்கள். எண்ணெய் கிருமியின் மேலுறையைக் காக்கிறது. கழுவும் அமிலத்தின் வீரியத்தையும் குறைத்தார்கள். நம் அடுப்பங்கரை எண்ணெய் நோய்க்குறியியல் ஆய்வகத்தின் அலமாரிக்கு வந்தது இப்படித்தான்.

நோய்க்குறியியல் துறையை இந்தியாவில் ஊன்றி வளர்த்தவர் பம்பாயின் வசந்த் ராம்ஜி கானோல்கர். லண்டனில் படித்துத் திரும்பி, சேட் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து, 1941-இல் பரேலில் டாடா நினைவு மருத்துவமனை திறந்தபோது அதன் ஆய்வகங்களுக்குத் தலைமை ஏற்றார். புற்றுநோய்க்காகப் புகழ் பெற்ற அவர் தொழுநோயையும் விடவில்லை. தோலில் இலேசான புள்ளி மட்டுமே தோன்றியிருக்கும் தொடக்க நிலையில் திசுவை எடுத்துச் சீவிப் பார்த்தார். அப்போதே கிருமி தோலின் நுண்ணிய நரம்புகளுக்குள் குடியேறியிருப்பதைக் காட்டினார். இந்த ஆய்வு 1951-இல் நூலாக வந்தது. அதே நகரத்தில் கார்ட்டர் வெறும் கண்ணால் பார்த்து எழுதிய தடித்த நரம்புக்கு நுண்ணோக்கி வழியாக விளக்கம் கிடைத்தது.

தொழுநோய்க் கிருமியை ஆய்வகக் குடுவையில் வளர்க்க இன்றும் முடியவில்லை. அதனால் மற்ற நோய்களில் வளர்ப்புச் சோதனை செய்யும் வேலையையும் இங்கே சாயமே சுமந்தது. 1940-களில் செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேன் சல்ஃபோன் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தபோதும், பிறகு டாப்சோன் மாத்திரை ஊர் ஊராகப் பரவியபோதும், மருந்து வேலை செய்கிறதா என்று அறியத் தகட்டையே நம்பினார்கள். நூறு பார்வைப்புலங்களில் பத்துக்குள் கிருமி தெரிந்தால் ஒரு கூட்டல் குறி, ஒரே பார்வைப்புலத்தில் ஆயிரத்துக்கு மேல் தெரிந்தால் ஆறு கூட்டல் குறி என்று கணக்கு வகுத்தார் ரிட்லி என்ற ஆய்வாளர். கோல் முழுதாகச் சிவந்திருந்தால் உயிருள்ளது, துண்டு துண்டாக இருந்தால் செத்தது.

1976-இல் டாக்டர் ஆர். கணபதி தொடங்கிய பம்பாய் தொழுநோய்த் திட்டம், சயன்–சுனாபட்டியிலிருந்து தாராவி உள்ளிட்ட குடிசைப் பகுதிகளுக்குள் போனது. திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் தாராவியில், நோயாளியைக் காப்பகத்துக்கு இழுத்துப்போகாமல், வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். 1982-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்த பிறகு, அந்தச் சிகிச்சை நாடு முழுவதும் படிப்படியாகப் பரவியது.

1898-ஆம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்றத்தில் ரத்தானது 2016-இல்தான். தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கோரும் வழி 2019-இல் நீக்கப்பட்டது. இதற்கிடையே 1998-லிருந்து, தோலில் ஐந்து புள்ளிவரை இருந்தால் ஒரு வகை, அதற்கு மேல் இருந்தால் இன்னொரு வகை என்று எண்ணிப் பார்த்தே சிகிச்சையை முடிவு செய்யலாம் என்ற நிலை வந்தது. களப்பணிக்கு அது எளிதுதான். ஆனால் தகடு பார்க்கத் தெரிந்த கைகளும் கண்களும் அதனால் குறைந்துகொண்டே வருகின்றன. புள்ளியே இல்லாமல் தோல் முழுவதும் கிருமி பரவியவரையும், சிகிச்சை முடித்துப் பல ஆண்டு கழித்து நோய் திரும்பியவரையும் எண்ணிக்கை தவறவிடக்கூடும். காப்பகமாகத் தொடங்கி இன்று மாட்டுங்காவை அடுத்த வடாலாவில் ஆக்வொர்த்தின் பெயரால் நகராட்சி மருத்துவமனையாக இயங்குவது போன்ற இடங்களில் மட்டுமல்லாமல், ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் கார்பால் ஃபியூக்சின் பாட்டிலும் அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஓர் ஆய்வகப் பணியாளரும் இருக்க வேண்டும். அதற்கான செலவு மிகச் சொற்பம்.