தோட்டத்து அடுப்பும் புழுங்கலரிசியும்

மலாயாத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் கப்பலையும் கங்காணியையும் ரப்பர் மரத்தையும் கூறி அமைவர். அவர்தம் அடுப்பைத் திரும்பிப் பார்ப்போர் மிகச் சிலரே. ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டு உழைப்பாளர் பலரின் வாழ்வையும் சாவையும் முடிவு செய்தது, பானையில் வெந்த அரிசி எது என்பதேயாகும்.

தோட்டத்தில் உணவு நேரத்தை வகுத்தது வயிறன்று, பெரட்டு. விடியுமுன் ஆணும் பெண்ணும் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டியிருந்தமையால் காலையில் உலையேற்ற நேரமில்லை. ஆகவே சமையல் மாலைக்குரியதாயிற்று. இரவுண்டு எஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்தால் அதுவே காலைப் பசிக்கும், தூக்குச்சட்டியில் ஏறி வேலைக்காட்டுப் பசிக்கும் உதவியது. தொட்டுக்கொள்ளக் கருவாட்டுத் துண்டோ வெங்காயமோ போதும். இத்திட்டத்திற்குப் பச்சரிசி ஒத்துவராது. நீரில் கிடந்தால் குழைந்துவிடும். புழுங்கலரிசிச் சோறோ விடியும்வரை பருக்கை சிதையாமல் நிற்கும். தாயகத்தில் பழகிய நாவும் அதனையே நாடிற்று. கடைகளுக்கு அவ்வரிசி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்து சேர்ந்தது.

அந்நாளில் பெரிபெரி என்னும் நோய் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் கொள்ளை கொண்டது. கால்கள் மரத்து வீங்கும். இறுதியில் இதயம் தளரும். தீட்டிய வெள்ளரிசியுண்ட சீனத் தொழிலாளர் பெருந்தொகையாய் மாண்டனர். தமிழரை அந்நோய் அரிதாகவே தீண்டிற்று. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இவ்வேறுபாட்டை அரிசியோடு பொருத்திக் கண்டார். ஆனால் வெள்ளரிசியில் ஏதோ நஞ்சு உண்டாவதாகவே அவர் கருதினார்.

1905ஆம் ஆண்டு கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்னும் மருத்துவர், நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படையினரை ஒரு விடுதியிலும் இரட்டைப்படையினரை மற்றொன்றிலும் வைத்தார். ஒரு சாராருக்கு வெள்ளரிசி, மறுசாராருக்குப் புழுங்கலரிசி. ஓராண்டுக்குள் வெள்ளரிசியுண்டோரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலுண்டோரில் அந்நோய்க்கு ஒருவரும் இறந்திலர். உயிரை ஈடு வைத்து நடந்த இச்சோதனைக்கு அந்நோயாளிகளின் இசைவைக் கேட்டார் யார்?

பின்னர், 1907 முதல் பிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில் சாலை அமைத்த சாவகத் தொழிலாளரிடம் இதனை மேலும் ஆய்ந்து, அரிசியைத் தீட்டும்போது நீங்கும் மேற்பகுதியிலேயே நோயைத் தடுக்கும் பொருள் உள்ளதென 1909இல் நிறுவினர். அதுவே பிற்காலத்தில் உயிர்ச்சத்து பி1 எனப் பெயர் பெற்றது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அச்சத்து உமியடுத்த பகுதியிலிருந்து அரிசியின் உள்ளே இறங்கி, தீட்டிய பின்னும் பெருமளவு தங்கிவிடுகிறது.

தோட்டத்துப் பெண்கள் இதனை அறிந்து சமைத்தவரல்லர். இதனைத் தமிழர் மதிநுட்பமெனப் புகழ்ந்துரைப்பது மிகையாகும். மலேரியாவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் இச்சோறு மருந்தாகவில்லை; அவற்றால் தோட்டங்களில் மடிந்தோர் ஏராளம். எனினும், ஒரு கொடிய நோயிலிருந்து அவர்களைக் காத்தது துரைமாரின் கருணையன்று. தாமே தேர்ந்துகொண்ட சோறு.

அத்தேர்வும் நிலைக்கவில்லை. ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அருகி, மரவள்ளிக்கிழங்கு தட்டில் ஏறிற்று. 1943இல் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழருக்கு எதை உண்பதென்று தேர வழியே இல்லை. தீட்டிய அரிசியே, அதுவும் போதாமல், அவர்களுக்கு அளந்து தரப்பட்டது. தோட்டத்தில் அவர்களை அரிதாகவே அண்டிய பெரிபெரி, அம்முகாம்களில் வாந்திபேதியோடும் சீதபேதியோடும் சேர்ந்து அவர்களைத் தேடி வந்தது.