பழைய காருக்கு பவர் பிரேக்: ஒரு குட்டி வரலாறு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் முதலில் இஞ்சினைத்தான் பார்ப்பார்கள். பிரேக் ஞாபகம் இறக்கத்தில்தான் வரும். கார் வரலாறும் அப்படித்தான் நண்பர்களே!

ஆரம்பத்தில் பிரேக்கை இழுத்தவை கம்பியும் கேபிளும்தான். நான்கு சக்கரமும் சமமாகப் பிடிக்காது. 1921-ல் அமெரிக்காவின் டூசன்பெர்க், நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் வைத்தது. புகாட்டியோ தன் டைப் 57 காரில் 1938 வரை கேபிளை விடவில்லை!

1953 லு மான்ஸ் பந்தயத்தில் டிஸ்க் பிரேக்குடன் ஓடிய ஜாகுவார் ஜெயித்தது. டிஸ்க் பிரேக்கைப் பலமாக மிதிக்க வேண்டும். அதனால் பூஸ்டர் பரவியது. இஞ்சின் உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தை வைத்து, அது நம் காலோடு சேர்ந்து தள்ளும்.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். 1961-ல் சென்னையில் தயாராகத் தொடங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, சோழவரம் பந்தயங்களிலும் ஓடியது. அதில் இருந்தது ஹைட்ராலிக் டிரம் பிரேக், பூஸ்டர் கிடையாது. 1962-ல் டிவிஎஸ்ஸும் லூகாஸும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின.

இப்போது அப்படி ஒரு காருக்கு பூஸ்டர் மாட்டினால் போதுமா? போதாது. பூஸ்டர் காலுக்குத்தான் சுகம். பழைய மாஸ்டர் சிலிண்டரில் ஒரே லைன். எங்காவது ஒழுகினால் நான்கு சக்கரமும் கைவிடும். ஒரே பையரை நம்பி ஓடும் பனியன் கம்பெனி மாதிரி! அமெரிக்கா 1968-ல் இரட்டை லைனைக் கட்டாயமாக்கியது இதற்குத்தான். முதலில் அதை மாற்றுங்கள். சொகுசு அப்புறம்.